தைக் குளிரில் ஒரு மாம்பழம்

அன்றைக்கு அங்கே நின்றவர்கள் இவர்கள்.

யோகண்ணை. என்னோடு கடையில் வேலை செய்தவர். அறுபது தாண்டியவர். சலரோகக்காரர், சீனி வியாதி. வலது காலில் சின்னவிரல் இல்லை.

முதலாளி. லண்டன் கிறீன் ஸ்ட்ரீட்டில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். எங்கள் ஊர். எங்கள் இரண்டு பேரிலும் வயது குறைந்தவர். பெயரை எழுதவில்லை. எழுதினால் இந்தப் பத்தியையும் பத்திரிகையில் இருந்து வெட்டிக் கடையில் ஒட்டுவார்.

ரமணன். முதலாளியின் அக்கா மகன். லண்டனில் பிறந்து வளர்ந்தவன். காதில் ஒரு வயர், கழுத்தில் ஒரு அட்டை.

லின். வெள்ளைக்காரி. உதைபந்தாட்டக் கிளப்பின் முதலுதவிக்காரி. பச்சை ஜக்கெட்.

நான்.

மாம்பழம்.

சனம் ஒரு முந்நூறு பேர் இருக்கும். அவர்கள் ஆட்டம் பார்க்க வந்தவர்கள். அவர்களைச் சேர்க்கவில்லை.

சனிக்கிழமை. பொங்கல் முடிந்து ஒன்றிரண்டு கிழமை. மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கினால் நாலரைக்கு இருட்டிவிடும் காலம். கோல் கம்பத்தடியில் காலையில் விழுந்த பனி கரையவே இல்லை. பந்தை உதைத்தால் பலகையில் தட்டுகிற சத்தம் வந்தது.

இரண்டாம் பாதி நடந்தது. மூலைக் கொடிக்குப் பக்கத்தில் மாம்பழம் நின்று ஆடிக்கொண்டிருந்தது. உள்ளே யோகண்ணை.

நான் கொஞ்சம் தள்ளி நின்றேன். மாம்பழத்தைப் பார்ப்பதுதான் என் வேலை. பார்த்துக்கொண்டே நின்றேன்.

மாம்பழம் ஆடுவதை நிறுத்தியது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதென்றால் முதலில் இந்த மாம்பழத்தைச் சொல்ல வேண்டும்.

காற்றில் நிற்கிற பழம்

போன கிழமைப் பத்தியில் எங்கள் கடையின் மீன் வெட்டுகிற மேசையைப் பற்றி எழுதினேன். அந்த மேசையில்தான் முதலாளி அந்தப் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். மீன் தண்ணி காயவில்லை. பெட்டியின் அடி நனைந்தது. அவர் கவனிக்கவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

"அண்ணை, இது என்னெண்டு சொல்லுங்கோ பாப்பம்."

யோகண்ணை கையைத் துடைத்துவிட்டு விரித்துப் பார்த்தார். பச்சையும் மஞ்சளுமாக நைலோன் துணி. விரிக்க விரிக்க வந்துகொண்டிருந்தது.

"கூடாரமோ தம்பி?"

"மாம்பழம் அண்ணை. கறுத்தக்கொழும்பான். இனி எங்கட கடையின்ர அடையாளம் இதுதான். கிளப்புக்கு நாங்கள்தான் ஸ்பொன்சர். ஒவ்வொரு மேட்சுக்கும் மாம்பழம் நிக்கும்."

"ஆர் போடுறது?"

முதலாளி சிரித்தார். "எங்கட ஆக்களை விட்டிட்டு வெளியில ஆள் தேடுவனோ?"

எங்களுக்கு மரியாதை செய்கிற மாதிரித்தான் சொன்னார். யோகண்ணை அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டார். வீட்டில் போய் அக்காவிடம் சொல்லியுமிருக்கிறார். அக்கா என்றால் அவருடைய மனைவி.

மாம்பழக் காலம் எது, உதைபந்தாட்டக் காலம் எது என்று ஒருவரும் யோசிக்கவில்லை. எங்களுக்கு ஐப்பசியில் தொடங்கி மாசி, பங்குனி வரைக்கும் ஆட்டம். அவ்வளவு நாளும் மாம்பழம் வெளியில்.

அந்தப் பழம் தானாக நிற்காது. இடுப்புக்குப் பின்னால் ஒரு சின்னக் காற்றாடி. பற்றரியில் ஓடும். வெளிக்காற்றை இழுத்து உள்ளே ஊதும். ஊதினால்தான் பழம் உருண்டு நிற்கும். நிறுத்தினால் சுருங்கி ஆளின் மேல் ஒட்டிவிடும்.

வெளிக்காற்று என்றால் என்ன காற்று? தை மாதக் காற்று. அதை ஒரு இயந்திரம் வைத்து முதுகில் ஊதிக்கொண்டிருப்பார்கள். ஆள் சூடாக இருந்தால் பழம் விழும். பழம் நின்றால் ஆள் விறைப்பான்.

இதை யோசித்துச் செய்தவன் எந்த ஊரில் இருந்து செய்தானோ. வெயில் ஊராகத்தான் இருக்கும்.

சும்மா நிற்கவும் முடியாது. ஆட வேண்டும். பிள்ளைகளுக்குக் கை காட்ட வேண்டும். ஆடினால் வேர்க்கும். வேர்த்த உடம்பில் காற்றாடி ஊதும். அந்தக் குளிர் வெளியில் நிற்கிறவனுக்குத் தெரியாது. அவன் மாம்பழத்தைப் பார்த்து, உள்ளே கணகணவென்று இருக்கும் என்று நினைப்பான். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் ஒருநாள் என்னிடம் வந்து, உனக்கு அதிர்ஷ்டம், நாங்கள்தான் வெளியில் சாகிறோம் என்றார். உள்ளே குளிரில் எனக்குத் தாடை ஆடிக்கொண்டிருந்தது.

அது மாம்பழம் என்று சனத்துக்குத் தெரிந்ததும் இல்லை. ஒருவன் லெமன் என்பான். ஒருவன் அவக்காடோ என்பான். எதிர்க் கிளப்பின் பெடியள் உருளைக்கிழங்கு என்று பாட்டே கட்டிப் பாடினார்கள். யோகண்ணைக்கு அது பொறுக்காது. வெளியில் வந்து சொல்லுவார்.

"பாலா, இவ்வளவு விலை குடுத்து மாம்பழம் செய்து என்ன பிரயோசனம்? காம்பை இன்னும் கொஞ்சம் நீட்டி வச்சிருக்கலாம்."

உடம்பு நடுங்கும். அதற்குள் காம்பைப் பற்றிக் கவலை.

பருத்தி

ஒரு பழம். இரண்டு பேர். முதல் பாதி நான், இரண்டாம் பாதி யோகண்ணை. முதலாளியின் ஏற்பாடு அது. ஒருவர் உள்ளே போனால் மற்றவர் வெளியே காவல். பிள்ளைகள் காற்றாடியை இழுக்காமல் பார்க்க வேண்டும். உள்ளே இருப்பவருக்கு முன்னால் மட்டும்தான் தெரியும்.

குளிருக்கு உடுக்க எனக்குத் தெரியும். லண்டன் வருமுன் நான் ஜெர்மனியில் ஒன்பது வருடம் இருந்தவன். அங்கே லீக்ஸ் வெங்காயத் தோட்டத்தில் வேலை. நிலம் இறுகிக் கிடக்கும். லீக்சைப் பிடுங்கினால் ஐஸ் உடைகிற சத்தம் கேட்கும். முதல் வருடம் ஊரில் இருந்து கொண்டுபோன பருத்திப் பெனியனைப் போட்டுக்கொண்டு போனேன். பத்து மணிக்கு வேர்த்தது. பதினொரு மணிக்கு அந்த வேர்வை குளிர்ந்தது. பின்னேரம் காய்ச்சல்.

பக்கத்துச் சாலில் ஒரு துருக்கிக்காரி வேலை செய்தாள். என் பெனியனை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள். கழற்றி எறி என்று கையால் காட்டினாள். அன்றைக்கு எறிந்தது. பிறகு பருத்தி போடவில்லை.

யோகண்ணைக்கு இதைச் சொன்னேன். ஏற்கவில்லை.

"பருத்திதான்ரா உடம்புக்கு நல்லது. வேர்வையைக் குடிக்கும்."

"குடிச்சிட்டு வச்சிருக்கும் அண்ணை. அதுதான் பிழை."

"உனக்கு ஜெர்மன்காரன் மூளையைக் கழுவிப் போட்டான்."

பெனியன் ஒன்று போதாது என்று இரண்டு போடுவார். குளிர் கூடின நாளில் மூன்று. எங்கள் ஆட்கள் எத்தனை பேர் இந்த ஊரில் இப்படி மூன்று பெனியனோடு விறைக்கிறார்களோ தெரியாது. நான் மார்க்கெட்டில் ஒரு பொலியெஸ்டர் மேற்சட்டை வாங்கிக் கொடுத்தேன், ஓட்டக்காரர் போடுகிற மாதிரி. வாங்கிக்கொண்டார். அடுத்த சனி அதைப் பெனியனுக்கு மேலே போட்டுக்கொண்டு வந்து, "பார், நீ சொன்னதைக் கேட்டன்" என்றார்.

கடைசியில் நான் சொல்வதை விட்டேன். எனக்குத் தெரிந்த மற்றதைச் செய்தேன். நெஞ்சுக்கும் முதுகுக்கும் பழைய பேப்பர் வைத்துக் கட்டினேன். எங்கள் சமூகப் பத்திரிகை. இலவசமாகக் கடையில் அடுக்கிக் கிடக்கும். மரண அறிவித்தல் பக்கம் தடிப்பு, அதுதான் நல்லது. யோகண்ணை வாசித்துப் பார்த்துவிட்டுத்தான் கட்ட விடுவார். தெரிந்தவர் யாராவது இருந்தால் வேறு பக்கம் கேட்பார்.

தைலம் ஒருநாள் பூசினோம். நெஞ்சிலும் மூக்கடியிலும். அந்தப் பைக்குள் தைல மணம் போக வழி இல்லை. காற்றாடி சுழற்றிச் சுழற்றிக் கண்ணில் அடித்தது. அன்றைக்கு யோகண்ணை ஒரு பாதி முழுக்க அழுதபடி ஆடினார். வெளியில் மாம்பழம் சிரித்துக்கொண்டு நின்றது.

உடம்புக்கு இப்படி ஏதோ செய்துவிடலாம். காலுக்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

மைதான ஓரத்துப் புல் எப்போதும் ஈரம். சப்பாத்து ஊறும். மேசு, அதுதான் காலுறை, அதுவும் ஊறும். கடைப் பையைக் காலில் சுற்றிச் சப்பாத்துக்குள் விட்டோம். வெளித் தண்ணி வரவில்லை. உள் வேர்வை போகவில்லை. அதுவும் ஈரம்தான்.

ஆஸ்பத்திரியில் கால் பார்க்கிற நேர்ஸ் யோகண்ணைக்குச் சொல்லியிருந்தாள். அன்றைக்கு நானும் கூடப் போயிருந்தேன். சின்னவிரல் எடுத்த காயம் ஆறி வருகிற நேரம். கால் ஈரமாக இருக்கக் கூடாது. குளிரில் விறைக்க விடக் கூடாது. விறைத்தால் சுடுதண்ணிப் போத்தலும் வைக்கக் கூடாது, உணர்வில்லாத கால் வெந்துபோனாலும் தெரியாது. சூடான அறையில் இருந்து, துடைத்து, காய்ந்த மேசு மாற்ற வேண்டும். இல்லையென்றால் அடுத்த விரலும் போகும்.

அவ்வளவுதான் தேவை. ஒரு சூடான அறை. இடைவேளைக் கால் மணித்தியாலம்.

இடமில்லை

மைதானத்தில் எங்களுக்கு விட்ட இடம் ஒரு தகரக் கொட்டில். புல் வெட்டுகிற இயந்திரம், கோடு போடுகிற வெள்ளைப் பெயின்ற், கிழிந்த வலை. கதவு சாத்தினால் இருட்டு. திறந்தால் காற்று. அங்கேதான் மாம்பழம் மாற்றுவோம்.

கொட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு கபின். பெரியது. கார்ப்பெற் விரித்தது. ஜன்னலுக்கு உள்ளே திரை. முதலாளி ஸ்பொன்சர் செய்ததற்குக் கிளப் அவருக்குக் கொடுத்தது. விருந்தினர் அறை என்று தமிழிலும் இங்கிலீசிலும் அட்டை ஒட்டியிருந்தார். சுவரோடு நின்றால் உள்ளே ஹீட்டர் ஓடுகிற சத்தம் கேட்கும்.

எதிர்ப் பக்கம் கிளப்பின் பார் இருந்தது. அங்கேயும் சூடுதான். அதற்குள் போகக் கூடாது என்று முதலாளி முதல் நாளே சொல்லிவிட்டார். பியர் குடிக்கிற இடத்தில் மாம்பழம் நின்று யாராவது படம் எடுத்துப் போட்டால், கோயில் ஆட்கள் என்ன நினைப்பார்கள்? கடைப் பேர் கெட்டுவிடும்.

முதல் தரம் ஐப்பசி மழையில் கேட்டேன். முதலாளியிடமே கேட்டேன்.

"தம்பி, இடைவேளைக்கு அந்தக் கபினுக்குள்ள கொஞ்சம் இருந்து கால் காய வைக்கலாமோ? எனக்கில்லை. யோகண்ணைக்கு."

"அண்ணை, நீங்கள் கேட்டு நான் இல்லையெண்டு சொல்லுவனோ? இண்டைக்கு மட்டும் பொறுங்கோ. குடும்ப ஆக்கள் வருகினம். இடமில்லை."

இரண்டாம் தரம் நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, முன்னால்.

"கோவிக்காதேங்கோ அண்ணை. கவுன்சிலர் வாறன் எண்டு சொல்லியிருக்கிறார். வர்த்தகச் சங்கத்து ஆக்களும். இடமே இல்லை. நில்லுங்கோ, உங்களுக்கு ரோல்ஸ் குடுத்து விடுறன்."

ரோல்ஸ் வந்தது. ஆறியிருந்தது. யோகண்ணை மாவைப் பிய்த்து எறிந்துவிட்டு இறைச்சியை மட்டும் தின்றார். "பார், மறக்காமல் குடுத்து விட்டிருக்கிறான்" என்றார்.

எனக்குக் கோபம் வருகிற இடம் இதுதான். முதலாளி ஒருநாளும் எங்களை டேய் என்றதில்லை. நீ என்றதில்லை. அண்ணை என்றுதான் கூப்பிடுவார். அண்ணை என்று கூப்பிட்டுக்கொண்டே ஒரு மனிதனைப் பனியில் நிறுத்தலாம். எங்கள் ஆட்களுக்குத்தான் அது ஏலும். ஜெர்மனியில் தோட்டக்காரன் என்னைக் கத்துவான். நானும் திருப்பிக் கத்துவேன். பிறகு இரண்டு பேரும் ஒரே கொட்டிலில் கோப்பி குடிப்போம். இங்கே கத்த முடியாது. அண்ணை என்று சொல்கிறவனை எப்படிக் கத்துவது? தம்பி என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. தம்பி என்ற பிறகு என்ன கத்துவது?

வேலையை விட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோகண்ணையிடம் அதைச் சொன்னேன். நீங்கள் கொட்டிலுக்குள் இருங்கோ, இரண்டு பாதியும் நான் போடுறன் என்றும் சொன்னேன்.

"விசர்க் கதை கதையாதை. எனக்கு ஏலாது எண்டு தெரிஞ்சால் கடையிலயும் நிப்பாட்டிப் போடுவாங்கள். இந்தக் காலோட வேற ஆர் எனக்கு வேலை தாறது? அவன் தந்தவன்."

அது உண்மை. அவர் வேலை இல்லாமல் நின்ற நேரம் முதலாளிதான் கூப்பிட்டுக் கொடுத்தார். அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் எல்லாவற்றையும் பொறுத்தார்.

அந்தத் தைச் சனி, இடைவேளை. நான் பழத்தைக் கழற்றினேன். யோகண்ணை வெளியில் காவல் நின்றவர். கொட்டிலில் வாளியைக் கவிழ்த்து இருத்தி, சப்பாத்தைக் கழற்றினேன். மேசுகளைப் பிழிந்தால் தண்ணி வந்தது. கால் வெள்ளையாக இருந்தது. மெழுகு மாதிரி. இரண்டாவது விரலை நசித்தேன்.

"நோகுதோ?"

"தொட்டனியோ?"

நான் எழும்பிப் போனேன். கபின் வாசலில் ரமணன் நின்றான்.

"ரமணன், கதவைத் திற. யோகண்ணைக்குக் கால் விறைச்சுப் போச்சு."

"சொறி அங்கிள். ரூம் ஃபுல்."

"ஒரு மூலையில நிலத்தில இருப்பார்."

"அங்கிள், பிளீஸ். மாமா ஒருத்தரையும் விட வேண்டாம் எண்டு சொன்னவர். வி.ஐ.பி. ஆக்கள். அதோட..." அவன் என் உடுப்பைப் பார்த்தான். "கொஞ்சம் மணக்குது அங்கிள். எனக்குப் பிரச்சினை இல்லை. மாமாதான்..."

மணந்தது உண்மை. முக்கால் மணித்தியாலம் அவருடைய மாம்பழத்துக்குள் ஆடினால் மணக்கும்.

நான் திரும்பி வருவதற்குள் யோகண்ணை அந்த ஈர மேசுகளையே திரும்பப் போட்டுக்கொண்டு, என் வேர்வை காயாத பழத்துக்குள் ஏறி நின்றார்.

"ஸிப்பை இழுத்துப் பூட்டு பாலா. விசில் ஊதப் போறான்."

பூட்டினேன்.

சிரித்தார்கள்

இப்போது அந்த இடத்துக்கு வருகிறேன்.

மாம்பழம் ஆடுவதை நிறுத்தியது. ஒரு பக்கம் சரிந்தது. காற்று பலமாக அடித்தால் அப்படிச் சரியும், அதனால் முதலில் நான் ஓடவில்லை. பிறகு முழங்கால் மடிவது துணிக்கு மேலாகத் தெரிந்தது. பழம் மல்லாக்க விழுந்தது.

காற்றாடி முதுகுக்குக் கீழே அகப்பட்டது. காற்று வரவில்லை. பழம் சுருங்கத் தொடங்கியது. முதலில் காம்பு சாய்ந்தது. பிறகு கன்னம் குழிந்தது.

சனம் சிரித்தது.

கெட்ட சனம் இல்லை. விளையாட்டு என்று நினைத்தார்கள். கை தட்டினார்கள். எதிர்க் கிளப் பெடியள் உருளைக்கிழங்குப் பாட்டை எடுத்தார்கள். ஒரு சின்னப் பிள்ளை தகப்பனின் தோளில் இருந்து துள்ளியது. பார்வையாளர் நிற்கிற கூரைக்குக் கீழே முதலாளி போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்தார்.

நான் ஓடினேன். ஸிப் பனியில் இறுகியிருந்தது. பல்லால் இழுத்தேன். ரமணன் ஓடி வந்தான்.

"அங்கிள், எழுப்புங்கோ அங்கிள். கமரா நிக்குது."

 

துணியைக் கிழித்து முகத்தை வெளியே எடுத்தேன். உதடு நீலம். கண் பாதி திறந்திருந்தது. நடுங்கவில்லை. அதுதான் எனக்குப் பயம். நடுங்கினால் உடம்பு சண்டை பிடிக்கிறது என்று அர்த்தம்.

"யோகண்ணை."

"சின்னக்கா வந்திட்டாவோ?" என்றார். அவருக்குச் சின்னக்கா என்று ஒருவர் இருந்ததை நான் அதுவரை கேள்விப்பட்டதே இல்லை.

லின் வந்து முழந்தாளில் நின்றாள். சலரோகம் என்று சொன்னேன். விரல் நுனியில் குத்திச் சீனி பார்த்தாள். குறைந்திருந்தது. வாய்க்குள் ஏதோ ஜெல் பிதுக்கினாள். பெனியன் மூன்றையும் கத்தரியால் வெட்டினாள். மரண அறிவித்தல்கள் ஈரமாகி நெஞ்சில் ஒட்டிக் கிடந்தன. அவற்றை உரித்தாள். தன் பச்சை ஜக்கெட்டைக் கழற்றி அவரைச் சுற்றினாள்.

அந்தக் கிளப்பில் முதலுதவி அறை என்று ஒன்று இல்லை. அவளிடம் ஒரு பையும் ஒரு போர்வையும்தான். அம்புலன்ஸ் வர நேரம் எடுக்கும் என்றாள். கிட்ட சூடான இடம் எது என்று கேட்டாள்.

நான் கபினைக் காட்டினேன்.

யோகண்ணைக்கு என்ன நடந்தது என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உயிர் தப்பினார். அந்தக் கிழமையே இரண்டாவது விரல் கறுத்தது. மாசி மாதம் எடுத்தார்கள். முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்தார். பெரிய கூடை. உள்ளே திராட்சைப்பழம், பேரீச்சம்பழம். சலரோகக்காரனுக்கு. யோகண்ணை கும்பிட்டு வாங்கினார்.

இப்போது மனோர் பார்க்கில் வீட்டோடு இருக்கிறார். நான் அந்தக் கடையை விட்டுவிட்டேன். தோர்ண்டன் ஹீத்தில் வேறு கடை. போக வர நாளில் பாதி போகிறது. பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை அவரைப் பார்க்கப் போவேன்.

"அவன் கெட்டவன் இல்லை பாலா," என்பார்.

அக்கா தேத்தண்ணிக் கோப்பையை டக்கென்று மேசையில் வைப்பா. 

கதவு

லின் தலைப் பக்கம். நான் கால் பக்கம். தூக்கிக்கொண்டு போனோம். கிழிந்த மாம்பழம் பின்னால் இழுபட்டு வந்தது. சனம் இப்போது சிரிக்கவில்லை.

ரமணன் எங்களுக்கு முன்னால் ஓடிப்போய்க் கதவை மறித்து நின்றான்.

"அங்கிள், மாமாட்ட ஒருக்காக் கேட்டிட்டு..."

"விலகு."

"அவர் என்னைப் பேசுவார் அங்கிள்."

"ரமணன். இவர் உன்ர மாமாவின்ர மாம்பழம். விலகு."

விலகினான். கண் கலங்கியிருந்தது. கையில் யோகண்ணையின் கால் இருந்ததால் கதவைச் சப்பாத்தால் உதைத்தேன். திறந்தது.

சூடு முகத்தில் அடித்தது. சமையல் அடுப்பைத் திறந்த மாதிரி. லின் போட்டிருந்த கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது. ரோல்ஸ் மணம். ஏலக்காய்த் தேத்தண்ணி மணம். இரண்டு மூலையிலும் ஹீட்டர். மேசையில் பொன்னாடைகள் மடித்து அடுக்கியிருந்தன. வரிசையாகக் கதிரைகள், கலியாண வீட்டில் மாதிரி வெள்ளைத் துணி போட்டு, பின்னால் தங்க நிற நாடா கட்டி. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதிய அட்டை.

ஒருவரும் இல்லை.

ஹீட்டருக்குக் கிட்ட இருந்த முன்கதிரையில் யோகண்ணையை இருத்தினோம். லின் மேசுகளை வெட்டி எடுத்தாள். காலைத் துவாயில் பொதிந்தாள். தேய்க்காதே என்று எனக்குச் சொன்னாள். மேசையில் இருந்த பொன்னாடைகளை நான் அள்ளினேன். மெல்லிய சரிகைத் துணி, சூடு ஒன்றும் தராது. ஆனாலும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டேன். யோகண்ணை மெல்ல நடுங்கத் தொடங்கினார். நல்லது என்றாள் லின்.

முதலாளி ஓடி வந்தார். மூச்சு வாங்கியது.

"ஐயோ அண்ணை! அண்ணைக்கு என்ன? என்னட்டச் சொல்லியிருக்கலாமே."



அவர் யோகண்ணையின் தோளைத் தொட்டார். பொன்னாடையைப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்த அட்டையைப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு என் காதுக்கு வந்தார்.

"பாலண்ணை, குறை நினைக்காதேங்கோ. இது கவுன்சிலருக்குப் போட்ட கதிரை. ஆள் வந்தாலும் வருவார். அண்ணையைப் பின்னால ஒரு கதிரையில இருத்துவமே?"

லின்னுக்குத் தமிழ் தெரியாது. நல்லகாலம்.

எங்கள் விழாக்களுக்குப் போனவர்களுக்கு இது தெரியும். முன்வரிசை பிரமுகர்களுக்கு. அவர்கள் பிந்தி வருவார்கள். வராமலும் விடுவார்கள். வயிற்றுப் பிள்ளைக்காரி சுவரோடு நிற்பாள். கதிரை காலியாக இருக்கும். ஒருவரும் போய் இருக்க மாட்டார்கள். நானும் நின்றிருக்கிறேன். அது மண்டபம். கால் வலிக்கும், வீட்டுக்குப் போனால் சரி. இங்கே அதே வழக்கத்தை ஹீட்டர் போட்டு ஒரு பனிக்காலம் முழுக்க நடத்தியிருக்கிறார்கள்.

"கவுன்சிலர் எத்தினை தரம் வந்தவர் தம்பி?"

"வாறன் எண்டுதான் சொல்லுறவர் அண்ணை. பிசியான மனுசன்."

"வர்த்தகச் சங்கம்?"

"அவையளும் வருவினம். இடம் வச்சிருக்காட்டி மரியாதையில்லை எல்லோ. உங்களுக்குத் தெரியாதோ? அதுதான் அண்ணை இடமில்லை எண்டு..."



நான் அட்டையைக் கழற்றி நிலத்தில் போட்டேன். யோகண்ணையின் பின்பக்கம் போய் நின்று, அவர் இருந்த கதிரையை விட்டுவிட்டு மற்றக் காலிக் கதிரைகளை எண்ணினேன். விரல் நீட்டி, சத்தமாக எண்ணினேன். முதலாளி கேட்டுக்கொண்டு நின்றார். வாசலில் ரமணனும் நின்றான்.

பதினேழு.